சொலிசிட்டர் ஆக எல்.பி.சி.யா, எல்.எல்.எம்.மா, எஸ்.கியூ.இ. பயிற்சி மட்டும் போதுமா?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சொலிசிட்டர் (ஒருவகை வழக்கறிஞர்) ஆக நினைக்கும் பிள்ளைகளின் வீடுகளில், லண்டன் தமிழ் வீடுகளிலும்தான், முதலில் எழும் கேள்வி "எந்த யூனிவர்சிட்டி?" என்பது. ஆனால் 2021 செப்டம்பரில் எஸ்.கியூ.இ. (Solicitors Qualifying Examination) என்ற இரண்டு கட்டத் தகுதித் தேர்வு வந்தபின், எங்கே படித்தாலும் எழுதப்போவது ஒரே பொதுத் தேர்வைத்தான். அதற்குப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பணம் எங்கிருந்து வரும், தேவையான இரண்டு வருட வேலை அனுபவம் எப்படிச் சேரும் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

எல்.பி.சி. (Legal Practice Course) என்ற தொழிற்படிப்பு பழைய வழி. அந்த மாற்றத்துக்கு முன்பே சட்டப் படிப்பில் சேர்ந்தவர்களுக்கு மட்டும், 2032 இறுதி வரை திறந்திருக்கிறது. கல்லூரியே பாடம் நடத்தி, கல்லூரியே தேர்வு வைக்கும். அது நிம்மதிதான். ஆனால் அப்புறம் ஒரு சட்ட நிறுவனத்தில் இரண்டு வருட ட்ரெயினிங் கான்ட்ராக்ட், அதாவது பயிற்சி வேலை, கிடைக்க வேண்டும். அது கிடைக்காமல் நின்றுபோனவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: எல்.பி.சி. முடித்தவர்கள் எஸ்.கியூ.இ. முதல் கட்டத்தை எழுத வேண்டியதில்லை. இரண்டாம் கட்டத்தில் தேறி, இரண்டு வருட அனுபவத்தையும் காட்டினால் போதும். புதிதாக வருபவர்களுக்கு இந்த வழியே இல்லை.

மற்றவர்களுக்கு உண்மையான போட்டி, எஸ்.கியூ.இ. பயிற்சி சேர்ந்த எல்.எல்.எம். (சட்ட முதுகலை) பட்டத்துக்கும் வெறும் பயிற்சி வகுப்புக்கும் இடையில்தான். எல்.எல்.எம்.மின் பெரிய கவர்ச்சி அரசு முதுகலைக் கடன். தகுதி உள்ளவர்களுக்கு அது முழு மாஸ்டர்ஸ் படிப்புக்குத்தான் கிடைக்கும். தனிப் பயிற்சி வகுப்புக்குக் கிடைக்காது. கையில் காசில்லாத வீட்டுப் பிள்ளைக்கு இதுவே முடிவைத் தீர்மானித்துவிடும், அதில் தவறில்லை. ஆனால் அந்தப் பட்டம் தேர்வில் ஒரு கேள்வியைக்கூடக் குறைக்காது. முதல் கட்டத்தில் 180 வீதம் இரண்டு தாள்கள், மொத்தம் 360 கேள்விகள், புத்தகம் பார்க்காமல். இரண்டாம் கட்டத்தில் 16 செயல்முறைப் பணிகள், அவற்றில் 4 வாய்மொழி. ஆறு வருடங்களுக்குள் மூன்றே வாய்ப்புகள். தேர்வுக் கட்டணம் மட்டுமே கிட்டத்தட்ட 5,000 பவுண்டு. அது கோர்ஸ் கட்டணத்தில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வெறும் பயிற்சி வகுப்பு மலிவு. பகுதிநேரமாகவும் ஆன்லைனிலும் படிக்கலாம். பகலில் பாராலீகலாக (சட்ட உதவியாளராக) வேலை, மாலையில் படிப்பு. அந்த வேலை தகுதியானதாக இருந்து, ஒரு சொலிசிட்டர் உறுதிசெய்து கையெழுத்திட்டால் இரண்டு வருட அனுபவத்தில் சேரும். நான்கு இடங்கள் வரை பிரித்துக் காட்டலாம். சட்ட உதவி மையத்தில் செய்த சேவையும் எண்ணிக்கையில் வரும். களைப்புதான் இதன் விலை. 360 கேள்விகளுக்குத் தயாராகிக்கொண்டே முழுநேர வேலை பார்ப்பது லேசல்ல.

சட்டப் பட்டம் உள்ளவர், பாராலீகல் வேலையும் கிடைத்துவிட்டது என்றால், நான் இந்தப் பயிற்சி வகுப்பையே சொல்வேன். வேறு பாடம் படித்தவர் நேரே எஸ்.கியூ.இ.க்குப் போகலாம் என்று விதி சொல்கிறது. ஆனாலும் முதலில் சட்ட மாற்றுப் படிப்பை (வேறு பாடப் பட்டதாரிகளுக்கான அடிப்படைச் சட்டப் படிப்பு) முடித்துவிட்டுப் போங்கள். இலங்கையிலோ இந்தியாவிலோ ஏற்கெனவே வழக்கறிஞராகப் பதிவானவருக்கு அந்த இரண்டு வருட அனுபவம் தேவையே இல்லை. அவருக்கு எல்.எல்.எம். வீண் செலவு.