திருவொற்றியூரில் டைமிங் வைத்த புல்லட்

மெல்பர்னிலிருந்து விடுமுறைக்குச் சென்னை வருகிறவர்கள் பல் வைத்தியம், வங்கி, பத்திரப் பதிவு என்று அலைவார்கள். நான் இந்த முறை அலைந்தது அப்பாவின் பழைய புல்லட் 350-க்காக. வலதுபக்கம் கியர், பாயிண்ட் வைத்த இக்னிஷன்: திறந்து மூடும் ஒரு மின்தொடர்புதான் பாயிண்ட், அது திறக்கும்போது பிளக்கில் தீப்பொறி வரும். மேம்பாலம் ஏறும்போது இழுவை இல்லை. சைலன்சர் குழாய் நீலம் பாய்ந்திருந்தது.

முதலில் போனது ஏசி வரவேற்பறை வைத்த ஒரு பெரிய சர்வீஸ் நிலையம். காப்பி கொடுத்தார்கள், சொன்ன நேரத்தில் வண்டியையும் கொடுத்தார்கள். மரியாதைக்குக் குறைவில்லை. பாயிண்ட்டைத் தேய்த்துச் சுத்தம் செய்து இடைவெளியை மட்டும் அகட்டியிருந்தார்கள். அதன்பின் கிக்கரை மிதித்தால் காலையே திருப்பி அடித்தது. இடைவெளி கூடினால் பாயிண்ட் முன்னதாகத் திறக்கும். தீப்பொறியும் முன்னதாக வரும். அதனால்தான் இடைவெளியைத் தொட்டவர் டைமிங்கையும், அதாவது தீப்பொறி வரும் நேரத்தையும், பார்த்தாக வேண்டும். எலக்ட்ரானிக் இக்னிஷனிலேயே கைபழகிய பையன்களைக் குறை சொல்லிப் பயனில்லை. தெரியாது என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கலாம்.

ஜெனரல் பேட்டர்ஸ் சாலை உதிரிபாகக் கடையில் பத்தே நிமிடத்தில் புதுப் பாயிண்ட்டும், அது கருகாமல் காக்கும் கண்டென்சரும் கிடைத்தன. மலிவானதை எடுத்தபோது கடைக்காரரே தடுத்தார்: பாயிண்ட்டைத் திறக்கும் கேமில் உரசும் ஃபைபர் சீக்கிரம் தேய்ந்து இடைவெளி மூடிவிடுமாம். இந்தப் பயணத்தில் கிடைத்த சிறந்த சேவை இதுதான்.

டைமிங் வைத்தவர் திருவொற்றியூரில் வீட்டுத் திண்ணையை ஒட்டிக் கடை போட்டிருக்கும் பெரியவர். 1950-களிலிருந்து புல்லட் தயாரான ஊர் அது. கேட்ட தெருவிலெல்லாம் வழி சொன்னார்கள். முதலில் இடைவெளியை 0.35-க்கும் 0.40 மில்லிமீட்டருக்கும் நடுவில் வைத்தார். பிளக்கைக் கழற்றி, நான்காம் கியரில் பின்சக்கரத்தை மெல்ல உருட்டி, துளையில் கட்டைவிரலை வைத்துக் கம்ப்ரஷன், அதாவது காற்றழுத்தம், வருகிறதா என்று பார்த்தார். புகை வெளியேறும் சுற்றிலும் பிஸ்டன் மேலே வரும். அதை நம்பி வைத்தால் எல்லாம் வீண். பிறகு சைக்கிள் ஸ்போக் ஒன்றை உள்ளே விட்டு பிஸ்டன் எட்டும் உச்சியைக் குறித்துக்கொண்டார். பிஸ்டனை நன்றாகக் கீழே இறக்கி, மறுபடி மேலேற்றி, உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் முன்னால் நிறுத்தினார். பல்சக்கரங்களின் தளர்வு கணக்கைக் கெடுக்காமலிருக்க இந்தச் சுற்று வழி.

"ஆம்பியர் முள்ளைப் பாருங்கள், தம்பி" என்றார். சாவி போட்டதும், மூடிய பாயிண்ட் வழியே மின்சாரம் ஓடுவதால், ஹெட்லைட்டுக்கு மேலிருக்கும் அந்த முள் இடப்பக்கம் சாய்ந்து நின்றது. பாயிண்ட் தகட்டின் திருகுகளைத் தளர்த்தி மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். முள் சட்டென்று பூஜ்யத்துக்குத் திரும்பிய இடத்தில் முடுக்கினார். பாயிண்ட் திறக்கும் கணம் அதுதான். வேகம் கூடும்போது தீப்பொறியை முன்தள்ளும் அட்வான்ஸ் எடைகளின் ஸ்பிரிங்கையும் விரலால் இழுத்து விட்டுப் பார்த்தார். இன்னும் கொஞ்ச நாள் ஓடும் என்றார்.

இரண்டாவது மிதியிலேயே எஞ்சின் பிடித்தது. எண்ணூர் வரை ஓட்டிப் பார்த்தேன்; மூன்றாம் கியரிலேயே மேம்பாலம் ஏறியது. கூலி நானூறு ரூபாய். பெரிய நிலையத்தின் பில்லில் அது கால்வாசிகூட இல்லை. ரசீது கிடையாது, ஜிபே உண்டு. காலை ஒன்பது மணிக்கு முன்னால் போய்விடுங்கள். வெயில் ஏறினால் கடையைச் சாத்திவிடுகிறார். பாயிண்ட்டும் கண்டென்சரும் வாங்கிக்கொண்டு போக வேண்டும், அவரிடம் இருப்பு இருக்காது.