6 அங்குல டாப்சோனியன்: யுரேனஸ் தெரியுமா?

டாப்சோனியன் என்பது குழிக் கண்ணாடியால் ஒளியைச் சேர்க்கிற, பலகை அடித்தளத்தில் உட்கார்த்திக் கையால் திருப்புகிற டெலஸ்கோப். இந்த வகை டெலஸ்கோப்புக்கு இணையத்தில் இருக்கும் விமர்சனங்கள் எல்லாமே சனியின் வளையம், வியாழனின் நான்கு நிலாக்கள், நிலாவின் பள்ளங்கள் என்று அங்கேயே சுற்றி வருகின்றன. அதெல்லாம் இதில் அருமையாகத் தெரியும், சந்தேகமே வேண்டாம், 3 அங்குலக் குழாயிலேயே தெரிகிற விஷயங்கள்தானே. நான் எழுத வந்தது யுரேனஸைப் பற்றி. 6 அங்குலக் கண்ணாடி வைத்த டெலஸ்கோப்பை வாங்கிவிட்டு யுரேனஸைத் தேடாமல் இருப்பது அநியாயம், ஏனென்றால் அந்தக் கோள் அகப்பட்டதே கிட்டத்தட்ட இதே அளவு கண்ணாடியில்தான்.

யுரேனஸைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷல் 1781 மார்ச் 13 அன்று இரவு பத்து மணிக்கு மேல், இங்கிலாந்தின் பாத் நகரத்தில் நியூ கிங் தெரு 19ஆம் எண் வீட்டின் பின்தோட்டத்தில் வைத்திருந்த கருவி 7 அடி குவியத் தூரமும் 6.2 அங்குல அகலமும் கொண்டது. என்னிடம் இருப்பது 150 மி.மீ. அகலம், 1200 மி.மீ. குவியத் தூரம். அகலத்தில் வித்தியாசம் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. அதிலும் அவருடைய கண்ணாடி என்பது கண்ணாடியே அல்ல, செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்த உலோகத் தகடு. மெருகு போட்ட புதிதிலேயே விழுகிற ஒளியில் முக்கால் பங்கைக்கூடத் திருப்பி அனுப்பாது, போகப்போகக் கறுத்துவிடும், மறுபடி உட்கார்ந்து தேய்க்க வேண்டும். நம்முடையது அலுமினியம் பூசிய கண்ணாடி, அது பாட்டுக்குப் பல வருடம் உழைக்கும். கணக்குப்படி பார்த்தால் நம் கைக்கு வந்திருப்பதுதான் ஒளியை அதிகம் சேர்க்கும்.

சரி, பெட்டிக்கு வருகிறேன். அடிப்பகுதி பார்ட்டிகிள் போர்டு, மேலே மைக்கா மாதிரி ஒரு பூச்சு. துளைகள் சில இடத்தில் நேராகச் சேரவில்லை, கூடக் கொடுத்த ஆலன் கீயை வைத்து மல்லுக்கட்டித்தான் முறுக்க வேண்டியிருந்தது. ஓரத்தில் ஒட்டிய பட்டை இப்போதே ஒரு மூலையில் பிரிகிறது. மழையில் நனைந்தால் பலகை ஊதிவிடும், அதனால் இரவு முழுக்க மாடியில் விட்டுவைக்கிற எண்ணமே வேண்டாம். வானத்தில் குறிபார்க்க உதவும் சிவப்புப் புள்ளி ஃபைண்டர் வெறும் பிளாஸ்டிக், அதன் திருகு தானாகவே தளர்கிறது. ஐபீஸ், அதாவது கண் வைத்துப் பார்க்கிற லென்ஸ், இரண்டு கொடுத்திருக்கிறார்கள், 25 மி.மீ. நன்றாக இருக்கிறது, 10 மி.மீ. சுமார், ஓரத்துக்குப் போனால் நட்சத்திரங்களுக்கு வால் முளைக்கிறது. ஆனால் கண்ணாடி நல்ல கண்ணாடி. கொலிமேஷன், அதாவது கண்ணாடிகளை நேர்க்கோட்டில் சரிசெய்வதை, ஒழுங்காகச் செய்துவிட்டால் படம் கூர்மை, காசு கொடுத்தது அதற்குத்தான்.

இப்போது யுரேனஸ். 2025, 2026 ஆண்டுகளில் அது ரிஷப ராசி நட்சத்திரங்களுக்கு நடுவே, கார்த்திகைக் கூட்டத்துக்குக் கொஞ்சம் தெற்கே இருக்கிறது. அதனால் தேடுவது சுலபம், ஆறு மீனை முதலில் பிடித்துக்கொண்டு மொபைல் செயலியின் வரைபடத்தை வைத்து நட்சத்திரம் நட்சத்திரமாக இறங்கி வரலாம். நல்ல இருட்டில் வெறும் கண்ணுக்கே மங்கலாகத் தெரிகிற பிரகாசம்தான், ஊருக்குள் அதெல்லாம் நடக்காது. ஒரு தொல்லை உண்டு. நம் ஊரிலிருந்து பார்த்தால் அது ஏறக்குறைய உச்சந்தலைக்கே வந்துவிடுகிறது, குழாய் செங்குத்தாக நிற்கும்போது டாப்சோனியனைப் பக்கவாட்டில் திருப்புவது எரிச்சல் பிடித்த வேலை. உச்சிக்கு ஒரு மணி நேரம் முன்னாலோ பின்னாலோ பிடித்துவிடுங்கள். மற்றபடி அந்த உயரம் நமக்கு லாபம், காற்றின் தடிமன் குறைவு. ஹெர்ஷல் பார்த்தபோது அது மேற்கே பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது.

அப்புறம் மாடி. பகல் முழுக்க வாங்கிய வெயிலைத் தளம் இரவு பத்து மணி வரைக்கும் கக்கிக்கொண்டிருக்கும், அதற்கு முன்னால் எவ்வளவு பெரிதாக்கினாலும் படம் தண்ணீருக்கடியில் ஆடும். குழாயையும் அரை மணி நேரம் முன்பே வெளியே வைத்து ஆறவிடுங்கள்.

25 மி.மீ. ஐபீஸில் 48 மடங்கு. இதில் யுரேனஸ் ஒரு நட்சத்திரம், அவ்வளவுதான். கொஞ்சம் பச்சை கலந்த நீலமோ என்று தோன்றும், பக்கத்திலிருப்பவரிடம் கேட்டால் இல்லை என்பார். 10 மி.மீ. போட்டால் 120 மடங்கு, இங்கேதான் ஏதோ வேறு மாதிரி இருக்கிறதே என்று மூளை சொல்லத் தொடங்குகிறது: மற்றவை ஊசிமுனையாக மின்னும்போது இது மட்டும் மழுங்கி, அசையாமல் நிற்கும். அதே 10 மி.மீ.க்கு முன்னால் பெரிதாக்கலை இரட்டிப்பாக்கும் 2 மடங்கு பார்லோ லென்ஸைச் செருகினால் 240. இப்போது அது வட்டம். சின்ன, வெளிறிய, விளிம்புள்ள வட்டம். இதுதான் ஹெர்ஷல் செய்த சோதனையும். அவர் அன்று 227 மடங்கில் பார்த்துக்கொண்டிருந்தார், சந்தேகம் வந்ததும் 460, 932 என்று ஏற்றினார், பக்கத்து நட்சத்திரங்கள் அதற்கேற்பப் பெரிதாகவில்லை, இது மட்டும் பெரிதானது. நான்கு நாள் கழித்துப் பார்த்தால் இடமும் மாறியிருந்தது. வால்மீன் என்றுதான் அறிவித்தார். அன்டர்ஸ் லெக்செல் போன்ற வானியலாளர்கள் கணக்குப் போட்டபோதுதான் சனிக்கு அப்பால் ஏறக்குறைய வட்டப்பாதையில் சுற்றுகிற புதிய கோள் என்று தெரிந்தது. சனிதான் கடைசி என்று அதுவரை இருந்த சூரியக் குடும்பத்தின் விட்டம் ஒரே அடியில் இரண்டு மடங்கானது.

இதில் என்னை அசரவைப்பது இன்னொன்று. 1690லேயே இங்கிலாந்து வானியலாளர் ஃப்ளாம்ஸ்டீட் இதைப் பார்த்து நட்சத்திரம் என்று பட்டியலில் சேர்த்துவிட்டார், ரிஷபத்தின் 34ஆம் நட்சத்திரம் என்ற பொருளில் 34 டாரி என்பது அதன் பெயர். பிரான்ஸில் வானியலாளர் லெ மோனியே 1769 ஜனவரியில் மட்டுமே பல தடவை பார்த்துக் குறித்திருக்கிறார், அது நகர்ந்ததைக் கவனிக்கவில்லை. கருவி இருந்தது, வட்டத்தை வட்டம் என்று காட்டுகிற கண்ணாடி அவர்களிடம் இல்லை. ஹெர்ஷல் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துப் பிழைத்தவர், கண்ணாடியைத் தானே வார்த்துத் தேய்த்தார். ஒரு தடவை 16 மணி நேரம் கையை எடுக்காமல் தேய்த்ததாகவும், தான் பக்கத்தில் நின்று வாயில் உணவு ஊட்டியதாகவும் தங்கை கேரலைன் எழுதியிருக்கிறார். கொலிமேஷனுக்குப் பத்து நிமிடம் சோம்பல்படுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

240 மடங்கிலும் அந்த வட்டம் ஏமாற்றம் தரலாம், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வியாழன் தெரிகிற அகலத்தில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. பட்டை, புள்ளி, மேகம் எதுவும் தெரியாது. பூமி சுழல்வதால் ஒரு நிமிடத்துக்குள் ஐபீஸின் ஓரத்துக்குப் போய்விடும், குழாயை லேசாகத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அடிப்பலகையின் டெஃப்ளான் துண்டுகள் இந்த இடத்தில் நன்றாகவே ஒத்துழைக்கின்றன, தள்ளினால் குதிக்காமல் நகர்கிறது.

ஆனால் எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்துகொண்டு பார்த்தால் கதை வேறு. அந்தப் பொட்டின் உண்மையான விட்டம் 51,118 கி.மீ., நான்கு பூமியை வரிசையாக வைக்கலாம். சூரியனிலிருந்து சராசரியாக 287 கோடி கி.மீ. தள்ளி, ஒரு சுற்றுக்கு 84 ஆண்டு. ஹெர்ஷல் பார்த்த இடத்துக்கு அது மூன்றாம் முறையாகத் திரும்பி வரப்போவது 2033 வாக்கில்தான். அந்த நிறம் மீத்தேனால் வருவது, சூரிய ஒளியிலிருக்கும் சிவப்பை மீத்தேன் விழுங்கிவிட மீதி நம் கண்ணுக்கு வருகிறது. மேகங்களில் ஹைட்ரஜன் சல்பைடு, அதாவது அழுகிய முட்டை நாற்றம். மேல் வளிமண்டலத்தில் -224 டிகிரி வரை குளிர், உள்ளே போகப்போகத் தண்ணீரும் அம்மோனியாவும் மீத்தேனும் பயங்கர அழுத்தத்தில் பல ஆயிரம் டிகிரி சூட்டில் அடர்ந்த திரவமாகக் கிடக்கின்றன. அச்சு 98 டிகிரி சாய்வு, சாய்ந்து விழுந்த பம்பரம் உருண்டுகொண்டே போவது மாதிரி சூரியனைச் சுற்றுகிறது, துருவத்தில் 42 வருடம் பகல், 42 வருடம் இரவு. இவ்வளவு தூரம் நேரில் போய்ப் பார்த்தது 1986 ஜனவரி 24 அன்று கடந்துபோன வாயேஜர் 2 விண்கலம் மட்டும்.

வளையம் தெரியுமா என்று கேட்பவர்களுக்கு: தெரியாது. 1977 வரைக்கும் யாருக்குமே தெரியாது. அந்த வருடம் மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப்போகிறது என்று அமெரிக்கக் குழு ஒன்று விமானத்தில் டெலஸ்கோப் வைத்துக்கொண்டு இந்தியப் பெருங்கடல் மேலே காத்திருந்தது. கோள் மறைப்பதற்கு முன்பே நட்சத்திரம் விட்டுவிட்டு மங்கியது, அப்படித்தான் வளையங்கள் பிடிபட்டன. அதே மறைப்பை நம் ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் 1 மீட்டர் டெலஸ்கோப்பில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் கவனித்தார்கள், அங்கேயும் ஒளி குறைந்தது பதிவானது. நம்மிடம் இருப்பது 6 அங்குலம், அந்த ஆசை வேண்டாம்.

வாங்குவதாக இருந்தால் பார்லோவுக்கும் சேர்த்துக் காசை ஒதுக்குங்கள், அல்லது அந்த 10 மி.மீ.யைத் தூக்கிப்போட்டுவிட்டு 6 மி.மீ. நல்ல ஐபீஸ் ஒன்று, 200 மடங்கு போதும். யுரேனஸின் நிலாக்கள்தான் வேண்டும் என்றால் டைட்டானியா, ஓபரான் இரண்டும் இந்தக் குழாய்க்கு எட்டாது, ஹெர்ஷலே 1787இல் இதைவிட மிகப் பெரிய கருவியில்தான் அவற்றைப் பார்த்தார். குறைந்தது 10, 12 அங்குலம் வேண்டும். அதை மாடிப்படியில் தூக்கிக்கொண்டு ஏறுகிறவர் யாராவது இருந்தால் விமர்சனம் எழுதுங்கள், படித்துவிட்டு யோசிக்கிறேன்.