தம்பியின் சப்போர்ட்டட் லிவிங் வீடு: பல வருட அனுபவம்

என் தம்பி லண்டனில் சப்போர்ட்டட் லிவிங் (பணியாளர்களின் உதவியோடு வாடகை வீட்டில் வாழும் ஏற்பாடு) வீடொன்றில் பல வருடங்களாக இருக்கிறான். லேர்னிங் டிஸபிலிட்டி என்று இங்கே சொல்கிற அறிவு வளர்ச்சிக் குறைபாடு அவனுக்கு. வலிப்பும் உண்டு. பேச்சு குறைவு, ஆனால் தமிழும் ஆங்கிலமும் நன்றாக விளங்கும். அம்மாவுக்கு முழங்கால் முடியாமல் போன பிறகுதான் இந்த ஏற்பாட்டுக்குப் போனோம். “பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுவிட்டீர்களாமே” என்று கோயிலில் கேட்டவர்கள் உண்டு. “எங்கட மகனுக்கும் கிடைக்குமோ தங்கச்சி” என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்டவர்களும் உண்டு. இரண்டாவது வகையினருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், இது ‘கேர் ஹோம்’ என்கிற பராமரிப்பு விடுதி இல்லை. தம்பி அங்கே வாடகைக்கு இருப்பவன். வீடு ஒரு வீட்டுவசதிச் சங்கத்துடையது. வாடகை, ஹவுசிங் பெனிஃபிட் என்ற அரசு வாடகை உதவியில் போகிறது. பராமரிப்பு வேறொரு கம்பெனியின் பொறுப்பு. 2014ஆம் ஆண்டின் கேர் ஆக்ட்டின்படி அவனுடைய தேவைகளை மதிப்பிட்டு, அதற்கான பணத்தை உள்ளூராட்சி மன்றமான கவுன்சில் கொடுக்கிறது. அவனுடைய பெனிஃபிட்டிலிருந்தும் ஒரு தொகையைப் பங்காக வாங்கிக்கொள்கிறார்கள். வீடும் பராமரிப்பும் தனித்தனியாக இருப்பதுதான் இதில் குடும்பத்தின் கையில் இருக்கிற பிடி. கம்பெனி சரியில்லை என்றால், வீட்டை விடாமலேயே கம்பெனியை மாற்றச் சொல்லிக் கேட்கலாம். நடைமுறையில் அவ்வளவு சுலபமில்லை. மூன்று பேர் இருக்கும் வீட்டில் பணியாளர்களின் மணிநேரம் பொதுவாகப் பிரிக்கப்பட்டிருக்கும், ஒருவருக்காக மாற்றினால் மற்ற இருவரையும் பாதிக்கும். இருந்தாலும் கூட்டத்தில் இந்த விஷயத்தை எடுத்தாலே எதிர்ப்பக்கத்தின் குரல் கொஞ்சம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

கண்காணிப்பு ஆணையமான சி.க்யூ.சி. கொடுக்கும் ‘குட்’ தரத்தை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். கேர் ஹோமில் அவர்கள் கட்டடத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள். சப்போர்ட்டட் லிவிங்கில் அவர்களின் கண்காணிப்பு குளிப்பாட்டுவது, உடுத்துவது, மருந்து, சாப்பாடு போன்ற தனிப்பட்ட பராமரிப்போடு நின்றுவிடுகிறது. கூரை ஒழுகுவது வீட்டுக்காரர் பாடு. ஒரே அலுவலகத்தின் கீழ் பல வீடுகள் ஓடும். தரம் அந்த அலுவலகத்துக்குத்தான். உங்கள் பிள்ளை இருக்கப்போகும் வீட்டுக்குள் ஆய்வாளர் காலே வைக்காமல் இருந்திருக்கலாம்.

நான் பார்ப்பது பணியாளர்கள் எழுதும் தினசரிக் குறிப்பை. “நல்ல மனநிலை, நன்றாகச் சாப்பிட்டார், டிவி பார்த்தார்.” நடுவில் ஒரு காலம், கம்பெனியின் மேலாளர் போய் வேறு ஆள் வந்த சமயம், பக்கம் பக்கமாக இதே மூன்று வரிதான். உறவினர் கல்யாணத்துக்காகத் தம்பி எங்கள் வீட்டில் தங்கியிருந்த சனிக்கிழமையும் அங்கே இரவுச் சாப்பாட்டை ‘நன்றாகச் சாப்பிட்டிருக்கிறான்’. அதைப் படம் பிடித்து சோஷியல் வேர்க்கருக்கு அனுப்பிய பிறகுதான் குறிப்பு எழுதுமுன் தம்பி வீட்டில் இருக்கிறானா என்று பார்த்தார்கள்.

அதைவிட என்னைக் கோபப்படுத்தியது ‘அது அவருடைய விருப்பம்’ என்ற பதில். 2005ஆம் ஆண்டின் மென்டல் கப்பாசிட்டி ஆக்ட் அருமையான சட்டம். ஒருவருக்கு முடிவெடுக்கத் தெரியும் என்றே தொடங்கவேண்டும். அவர் எடுக்கும் முடிவு நமக்கு முட்டாள்தனமாகத் தெரிவதாலேயே அவருக்கு முடிவெடுக்கத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. தம்பி தினமும் ஒரே நீலச் சட்டையைப் போட்டால் போடட்டும், யாருக்கு என்ன நட்டம்? ஆனால் நாள்கணக்காக ‘குளிக்க மறுத்தார், விருப்பத்தை மதித்தோம்’ என்று எழுதியிருந்தபோது பொறுக்கவில்லை. அவன் மறுத்தது குளிப்பதை அல்ல. தற்காலிக ஆட்களை அனுப்பும் ஏஜென்சியிலிருந்து வந்த புதியவர், அவன் உள்ளே போகுமுன்பே ஷவரைத் திறந்துவிட்டிருக்கிறார். அந்தச் சத்தம் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே பயம். ஸிம்பாப்வேயைச் சேர்ந்த பழைய பணியாளர் ஒருவர் வாளியில் வெந்நீர் பிடித்து, குவளையை அவன் கையில் கொடுத்துவிட்டுக் கதவருகே நிற்பார். முதல் குவளையைக் காலில் ஊற்றிக்கொள்வான், அப்புறம் தலையில், பிறகு நிறுத்துவதுதான் கஷ்டம். இப்போது வாளியும் குவளையும் படத்தோடு அவன் பராமரிப்புத் திட்டத்தில் இருக்கிறது. இது சட்டம் தெரிவதால் வருவதில்லை, ஆளைத் தெரிவதால் வருவது.

கதவருகே நிற்பது என்றேனே, வலிப்பு உள்ளவர்களுக்கு அது அலங்காரமில்லை. 2013இல் ஆக்ஸ்ஃபோர்டில் என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவையின் ஒரு பிரிவில் கானர் ஸ்பாரோஹாக் என்ற 18 வயதுப் பையன் குளியல் தொட்டியில் வலிப்பு வந்து மூழ்கி இறந்தான். கவனக்குறைவும் காரணம் என்று மரண விசாரணையில் முடிவானது. குளியலறைப் பூட்டு, யார் எங்கே நிற்பார், தொட்டியா ஷவரா, எல்லாம் எழுத்தில் இருக்கவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது அதனால்தான்.

இரவு இன்னொரு தலையிடி. விழித்திருக்கும் பணி வேறு, அங்கேயே படுத்துத் தூங்கும் பணி வேறு. தூங்கும் நேரத்துக்குக் குறைந்தபட்சச் சம்பளம் கொடுக்கத் தேவையில்லை, எழுந்து வேலை செய்யும் நேரத்துக்குத்தான் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே இரண்டாவது மலிவு. பணம் குறைந்தால் கவுன்சிலின் கண் முதலில் போவது இரவு நேரத்துக்குத்தான். கட்டிலில் ஒரு சென்சர் வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். போதுமா என்பதை வலிப்பு மருத்துவரிடம் எழுதி வாங்கிக் கொடுங்கள். நாம் சொல்வதைவிட அது எடுபடும்.

ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பதுதான் இந்த ஏற்பாட்டின் பெரிய நோய். 2022 பெப்ரவரியில் கேர் வேலைக்கு விசா திறந்ததும் கேரளா, நைஜீரியா, ஸிம்பாப்வே என்று நல்ல மனிதர்கள் பலர் வந்தார்கள். 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். இருப்பவர்களும் சம்பளம் கட்டுப்படியாகாமல் சூப்பர்மார்க்கெட் வேலைக்குப் போகிறார்கள். தம்பியின் வீட்டில் ஒரு மலையாளப் பணியாளர் ஞாயிறுகளில் புட்டு அவிப்பார். வாழைப்பழத்தோடு சாப்பிடச் சொல்வார். எங்களுக்குச் சம்பல் இல்லாமல் இறங்காது, ஆனால் தம்பி இரண்டையும் கலந்தே சாப்பிடுவான்.

உடல்நலத்தில் பெரிதாகக் குறை இல்லை. 14 வயதிலிருந்து வருடம் ஒருமுறை ஜி.பி. என்ற குடும்ப மருத்துவரிடம் முழுப் பரிசோதனை உண்டு, ஜி.பி.யின் லேர்னிங் டிஸபிலிட்டி பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கோபத்தை அடக்கவென்று கொடுத்த மாத்திரைகளைப் பற்றி அந்தப் பரிசோதனையில் ஒவ்வொரு முறையும் கேள்வி கேளுங்கள்.

வீடு பார்க்கப் போகிறவர்கள் திங்கள் காலை போகாதீர்கள், மேலாளர் சிரித்துக்கொண்டு நிற்பார். ஞாயிறு பின்னேரம் போங்கள். போன மாத ரோட்டாவை (பணிநேர அட்டவணையை) கேட்டு வாங்கி, அதில் ஏஜென்சி ஆட்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். அங்கே இருப்பவர்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். மூன்று பேரும் ஒரே டிவி முன்னால் என்றால் யோசியுங்கள்.

குறைகள் இத்தனை இருந்தும் தம்பியை அங்கிருந்து எடுக்கும் எண்ணம் எங்களில் யாருக்கும் இல்லை. வீட்டுச் சாவி அவன் கழுத்தில்தான் தொங்குகிறது. எங்கள் வீட்டுக்கு வந்தால் இரண்டாம் நாளே அதைக் காட்டிக் கூட்டிப்போகச் சொல்கிறான். வருடாந்த மீளாய்வு வருகிறது, கவுன்சில் மறுபடி இரவுப் பணியில் கைவைக்கப் பார்க்கும். மருத்துவரின் கடிதம் தயாராக இருக்கிறது.