ரிலீஃப் வால்வா, ரெகுலேட்டரா, மானிட்டரா? பொக்லைனின் பம்ப் அழுத்தத்தை எங்கே திருத்துவது

"பம்ப் பிரஷரைக் கொஞ்சம் ஏற்றிக் கொடுங்கள்" என்று கேட்காத பொக்லைன் உரிமையாளர் அபூர்வம். கேட்பவர் ஒன்றை நினைத்துக் கேட்கிறார். மெக்கானிக் வேறொன்றில் ஸ்பேனரை வைக்கிறார். பொக்லைன் என்று நாம் சொல்லும் 20 டன் வகை எக்ஸ்கவேட்டரில் திருப்பக்கூடிய இடங்கள் மூன்று இருப்பதுதான் இந்தக் குழப்பத்துக்குக் காரணம். எண்ணெயைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் மெயின் கண்ட்ரோல் வால்வில் செருகியிருக்கும் ரிலீஃப் வால்வு ஒன்று. பம்பின் மேல் பொருத்தியிருக்கும் ரெகுலேட்டர் இன்னொன்று. புதிய இயந்திரங்களில் கேபினுக்குள் இருக்கும் மானிட்டரின் சர்வீஸ் பக்கம் மூன்றாவது.

பம்ப் எண்ணெயைத் தள்ளும், அவ்வளவே. அழுத்தம் எதிரே நிற்கும் சுமையால் பிறக்கிறது. வெறும் பக்கெட்டைக் காற்றில் ஆட்டினால் கேஜ் முள் கீழேயே கிடக்கும். அதே பக்கெட் பாறையில் மாட்டிக்கொண்டால் விர்ரென்று ஏறும். ஏறும் முள் எங்கே நிற்க வேண்டும் என்பதை, அந்த அளவில் திறந்து எண்ணெயை டேங்குக்கு வழியவிடும் ரிலீஃப் வால்வு முடிவு செய்கிறது. ஏறுகிற வழியில் பம்ப் எவ்வளவு எண்ணெய் கொடுக்கலாம் என்பதை ரெகுலேட்டர் முடிவு செய்கிறது. ஆகவே 'வண்டிக்கு வலு இல்லை' என்பது ஒரு புகார், 'வண்டி மந்தமாக இருக்கிறது' என்பது வேறு புகார். இரண்டில் எது என்று ஆபரேட்டரிடம் கேட்காமலே பம்ப் அறையின் கதவைத் திறக்கும் மெக்கானிக்கிடம் என் வண்டியைக் கொடுக்க மாட்டேன்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். இந்த வகை இயந்திரங்கள் பலவற்றில் இருக்கும் கவாஸாகி கே3வி112 இரட்டைப் பம்பில், ஒவ்வொரு பக்கமும் ஒரு சுற்றுக்கு 112 சிசி எண்ணெய் தள்ளும். 2,000 ஆர்பிஎம்மில் ஒரு பக்கத்துக்கு நிமிடத்துக்கு 224 லிட்டர், இரண்டும் சேர்ந்து 448 லிட்டர். இவ்வளவையும் உச்ச அழுத்தமான 343 பாரில் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) தள்ள வேண்டுமானால் 256 கிலோவாட் தேவை. என்ஜினோ ஏறக்குறைய 110 கிலோவாட்தான். எனவே 150 பார் வரைதான் முழு ஓட்டம் கிடைக்கும். அதற்கு மேல் ரெகுலேட்டர் பம்புக்குள் இருக்கும் தட்டின் சாய்வைக் குறைத்து ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். 343 பாரைத் தொடும்போது மிஞ்சுவது 190 லிட்டர் சொச்சம். பள்ளத்தில் பக்கெட் மெல்ல நகர்ந்தால் அது கோளாறு அல்ல, இந்தக் கணக்கு. வலுவையும் வேகத்தையும் ஒரே சமயத்தில் கேட்டால் என்ஜினை மாற்றித்தான் தர முடியும்.

இனி ரிலீஃப் வால்வு. மூன்றில் கைக்கு எட்டுவதும் இதுதான், அதிகம் பாழாக்கப்படுவதும் இதுதான். ஒரு லாக் நட், அதற்குள் ஒரு திருகு. வலப்புறம் திருப்பினால் அழுத்தம் ஏறும். பார்க்க எளிது, ஆனால் சில மாடல்களில் ஒரே ஒரு முழுச் சுற்று 100 பாருக்கு மேல் ஏற்றிவிடும். கேஜ் இல்லாமல் 'அரைத் திருகு' கொடுப்பவர் என்ன செய்கிறார் என்பது அவருக்கே தெரியாது.

முறையாகச் செய்வதானால், 600 பார் கேஜை, பம்பிலிருந்து எண்ணெய் வெளியேறும் டெலிவரி பக்கத்தில் அளவெடுக்க விட்டிருக்கும் துளையான டெஸ்ட் போர்ட்டில் மாட்ட வேண்டும். மாட்டும் முன் பக்கெட்டைத் தரையில் இறக்கி, என்ஜினை நிறுத்தி, லீவர்களை எல்லாத் திசையிலும் அசைத்து, டேங்கின் காற்றழுத்தத்தையும் வெளியேற்றிவிட வேண்டும். இதைச் சோம்பேறித்தனத்தால் தாண்டக் கூடாது. ஊசி முனை அளவு துளையிலிருந்து பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே கை அழுகும். அப்படி நேர்ந்தால் வலிக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

எண்ணெய் 50 டிகிரி அளவுக்குச் சூடான பிறகு, ஆர்ம் சிலிண்டரை முழுக்க உள்ளிழுத்தோ நீட்டியோ முட்டவைத்து முள்ளைப் பார்க்க வேண்டும். சில விநாடிகளுக்கு மேல் பிடிக்கக் கூடாது. ரிலீஃபில் வழியும் எண்ணெய் முழுவதும் சூடாகத்தான் மாறுகிறது. பழைய ஹிட்டாச்சி 200 வகைகளில் முள் 343 பாரில் நிற்க வேண்டும். கையேட்டில் 34.3 மெகாபாஸ்கல் என்றிருந்தாலும் மெக்கானிக் '350 கிலோ' என்றாலும் அதே அளவுதான். திருத்தும்போது முதலில் கீழே இறக்கி, பிறகு மேலே ஏற்றி நிறுத்துவது நல்லது. லாக் நட்டை இறுக்கும்போதே முள் சில பார் நகரும் என்பதால் இறுக்கிய பிறகு மறுபடி பார்ப்பது கட்டாயம்.

எவ்வளவு திருப்பியும் முள் அசையவில்லை என்றால் அங்கேயே கையை எடுத்துவிட வேண்டும். பூம், ஆர்ம், பக்கெட் ஒவ்வொன்றின் லைனையும் காக்கும் தனித்தனி ரிலீஃப் வால்வு, அதாவது போர்ட் ரிலீஃப், உண்டு. அவை மெயினைவிட 20, 30 பார் மேலே வைக்கப்பட்டிருக்கும். அவற்றில் ஒன்று முன்னதாகவே திறந்துகொண்டால் கேஜ் அந்த அளவில் உட்கார்ந்துவிடும். காரணம் புரியாமல் மெயினை இறுக்கிக்கொண்டே போனால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பிறிதொரு நாள் யாரோ அந்த போர்ட் ரிலீஃபை மாற்றும்போது, மெயின் 400 பாருக்கு மேல் போய் நிற்பது ஹோஸ் வெடித்த பிறகுதான் தெரியும். ஆர்மில் குறையாகவும் பக்கெட்டில் சரியாகவும் காட்டினால் குற்றவாளி மெயின் அல்ல என்று அப்போதே முடிவுக்கு வரலாம். எல்லாவற்றிலும் குறைவு என்றால்கூட, திருகுவதற்கு முன் ரிலீஃபைக் கழற்றிக் கழுவிப் பாருங்கள். வால்வு உட்காரும் இருக்கையில் மாட்டிய ஒரு துணுக்கு இரும்புத்தூளோ கிழிந்த ஓ-ரிங்கோ இந்தப் புகாரைக் கொண்டுவருவது சர்வசாதாரணம்.

குறிப்பிட்ட அளவைத் தாண்டி ஏற்றுவதில் லாபம் என்ன? 343-ஐ 363 ஆக்கினால் தோண்டும் விசை 6 சதவீதம் கூடும். அந்த 6 சதவீதத்தை லீவரில் இருக்கும் பவர் பூஸ்ட் பொத்தானே தருகிறது. அதுவும் பெரும்பாலான வண்டிகளில் சுமார் 8 விநாடிதான். இயந்திரத்தைச் செய்தவர்களே 8 விநாடிக்கு மட்டும் கொடுத்ததை நாள் முழுவதும் எடுத்தால் சிலிண்டர் சீலும் பூம் வெல்டிங்கும் அதற்கு விலை கொடுக்கும்.

ரெகுலேட்டர் வேறு ஜாதி. கே3வி-யின் ரெகுலேட்டரில் குதிரைத்திறனுக்கு ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஸ்க்ரூக்கள் இருக்கும். வெளியே இருப்பதை இறுக்கினால் பம்ப் என்ஜினிடமிருந்து கூடுதல் சக்தியை வாங்கும். ஓட்டம் குறையத் தொடங்கும் புள்ளி தள்ளிப்போகும். ஆனால் வெளி ஸ்க்ரூவைத் திருப்பும்போது உள் ஸ்பிரிங்கும் சேர்ந்து அமுங்குகிறது. அதை ஈடுகட்ட உள் ஸ்க்ரூவை எதிர்த்திசையில், கையேடு சொல்லும் விகிதத்தில், திருப்ப வேண்டும். இது தெரியாமல் ஒன்றை மட்டும் திருப்பினால் நடுத்தர அழுத்தத்தில் ஒரு குணமும் உச்ச அழுத்தத்தில் வேறு குணமுமாக வண்டி நடந்துகொள்ளும். இரண்டு பம்புக்கும் இரண்டு ரெகுலேட்டர் வேறு. ஒன்று மற்றொன்றோடு ஒத்துப்போகாவிட்டால் நேராக ஓட்டும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். ஃப்ளோ மீட்டர் இல்லாமல் இதைச் சரியாக அமைக்க வழி கிடையாது. பம்பை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றுபவரிடம் விட்டுவிடுவதே உத்தமம்.

ஆனாலும் களத்தில் இதைத் தொடுகிறார்கள், அதுவும் பெரும்பாலும் தளர்த்துவதற்காக. சுமையில் என்ஜின் அமுங்கிக் கரும்புகை கக்குகிறது. ரெகுலேட்டரைக் கால் திருகு தளர்த்தினால் புகை நின்றுவிடும், என்ஜின் சுகமாகப் பாடும். உண்மைக் காரணமான, அடைத்துக்கிடந்த டீசல் ஃபில்டர் அடைத்தபடியே கிடக்கும். உரிமையாளருக்கு மணிக்கணக்கு வாடகையில் வெட்டப்படும் மண் குறையும், ஏன் என்றே தெரியாமல். என்னைக் கேட்டால் இது ரிலீஃபை ஏற்றுவதைவிட மோசம். அங்கே ஹோஸாவது வெடித்துக் காட்டிக்கொடுக்கும்.

மானிட்டர் உள்ள வண்டிகளில் நிலைமை தேவலை. கோமாட்சு பிசி200-8 போன்றவற்றில் முன் பம்ப், பின் பம்ப் அழுத்தங்களைத் திரையிலேயே பார்க்கலாம். பம்ப் என்ஜினிடமிருந்து எவ்வளவு முறுக்குவிசை வாங்கலாம் என்பதையும் சர்வீஸ் பக்கத்தில் சிறுசிறு படிகளாக மாற்றலாம். பிடிக்கவில்லை என்றால் பழைய எண்ணுக்கே திரும்பலாம். திருகில் இந்த வசதி இல்லை. ஒரு குறை: திரையில் தெரிவது சென்சார் சொல்வது. சென்சார் பொய் சொன்னால் திரையும் பொய் சொல்லும்; ஆகவே கேஜ் இங்கும் வேண்டும். உச்ச அழுத்தத்தைத் திரையால் ஏற்ற முடியாது, அது ரிலீஃபின் திருகில்தான். மந்தப் புகாருக்கு அந்த வண்டியில் இன்னொரு குறுக்குவழி உண்டு. பம்புக்கான அவசர சுவிட்சைப் போட்டால் கண்ட்ரோலரைத் தாண்டி நிலையான மின்னோட்டம் போகும். அப்போது வண்டி சுறுசுறுப்பாகிவிட்டால் கோளாறு வயரிங்கிலோ கண்ட்ரோலரிலோ இருக்கிறது. பம்பில் ஒரு திருகையும் தொட வேண்டாம்.

மேலே சொன்னதற்கு ஒரு விதிவிலக்கு சின்ன எக்ஸ்கவேட்டர்கள். அவற்றில் பலவற்றில் சுமையின் அழுத்தத்தை உணர்ந்து அதைவிடச் சற்றே கூடுதலாக மட்டும் தரும் லோடு சென்சிங் பம்ப் இருக்கும். பம்பின் தலையிலேயே அழுத்த உச்சவரம்புக்கு ஒரு திருகும், அதன் பக்கத்திலேயே லோடு சென்சிங் வித்தியாசத்துக்கு ஒரு திருகும் இருக்கும். முன்னது 200 பாருக்கு மேல், பின்னது 14 முதல் 20 பார் வரை. மாற்றித் திருப்பிவிட்டால் விளைவு விபரீதம்.

காலையில் நன்றாக ஓடி மதியம் சூடேறியதும் சோர்ந்துபோகும் வண்டிக்கு மூன்றுமே பொருந்தாது. அங்கே எண்ணெய் உள்ளுக்குள் கசிகிறது. பம்புக்குள் கசியும் எண்ணெயை டேங்குக்குக் கொண்டுபோகும் கேஸ் டிரெயின் குழாயைக் கழற்றி எவ்வளவு வருகிறது என்று அளந்து பார்க்க வேண்டும். எல்லா அசைவுகளும் ஒருசேர மந்தமானால் லீவர் கட்டளையை மெயின் கண்ட்ரோல் வால்வுக்குக் கொண்டுபோகும், 40 பார் அளவில் இருக்க வேண்டிய பைலட் அழுத்தத்தை முதலில் பாருங்கள். கல் குவாரியில் பக்கெட்டுக்குப் பதில் மாட்டும் பாறை உடைக்கும் பிரேக்கரின் அடி போதவில்லை என்று மெயின் ரிலீஃபை ஏற்றச் சொல்பவர்களுக்கும் பதில் வேறு இடத்தில் இருக்கிறது. இந்த அளவு பிரேக்கர்கள் பெரும்பாலும் 200 பாருக்குள் வேலை செய்பவை. அவற்றின் லைனுக்குத் தனி ரிலீஃப் உண்டு. அதன் அளவையும், வண்டி தரும் ஓட்டத்தையும், பிரேக்கரின் நைட்ரஜன் வாயுவையும் சரிபார்த்தால் போதும். மெயின் திருகுக்கு அங்கே வேலை இல்லை.