இங்கிள்வுட்டா, கார்சனா?

2016 ஜனவரியில் அமெரிக்கன் ஃபுட்பாலின் பெரிய லீக்கான என்.எஃப்.எல்.-இன் அணி முதலாளிகள் ஹூஸ்டனில் கூடியபோது கேள்வி ஒன்றுதான்: லாஸ் ஏஞ்சலஸ் யாருக்கு? அங்கே குடிபெயர மூன்று அணிகள் போட்டி போட்டன, அரங்கம் கட்ட முன்வைத்த இடங்கள் இரண்டு, நகரை ஒட்டிய இங்கிள்வுட்டும் கார்சனும்.

கார்சன் திட்டம் சான் டியாகோ சார்ஜர்ஸின் டீன் ஸ்பானோஸும் ஓக்லாந்து ரைடர்ஸின் மார்க் டேவிஸும் கைகோத்துக் கொண்டுவந்தது, இடம் ஒரு பழைய குப்பைமேடு. முதலாளிகளின் குழு 5-1 என்று அதைத்தான் பரிந்துரைத்தது. இங்கிள்வுட்டில் செயின்ட் லூயிஸ் ராம்ஸின் ஸ்டான் குரோன்கி, மூடிக்கிடந்த ஹாலிவுட் பார்க் குதிரைப் பந்தயத் திடலில் கிட்டத்தட்ட 300 ஏக்கரில் அரங்கம், கடைகள், வீடுகள், அலுவலகங்கள் என்று ஒரு ஊரையே கட்டுகிறேன் என்றார், டல்லாஸ் அணியின் ஜெர்ரி ஜோன்ஸும் அவர் பக்கம் நின்றார். அப்புறம் ரகசிய வாக்கெடுப்பு, 30-2, குரோன்கி ஜெயித்தார்.

கட்டுமானமாகப் பார்த்தால் இங்கிள்வுட்தான் மேல், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ரசிகனாக எனக்கு கார்சனே தேவலை: சான் டியாகோக்காரர் இரண்டு மணி நேரம் கார் ஓட்டினால் தன் அணியைப் பார்த்துவிடலாம், செயின்ட் லூயிஸ்காரருக்கு அந்த வழியும் இல்லை. செயின்ட் லூயிஸ் நிர்வாகம் வழக்குப் போட்டு 2021-ல் 790 மில்லியன் டாலர் வாங்கியது, அணி போனது போனதுதான்.

தோற்ற சார்ஜர்ஸ் 2017-ல் ஆடப் போன இடமும் கார்சன்தான், 27,000 பேர் மட்டுமே உட்காரும் ஒரு கால்பந்து அரங்கம்.