டிராஃப்ட் லீக்கில் சேரும் முன் ஷீட் யார் கையில் என்று பாருங்கள்

ஐபிஎல் நெருங்கினாலே ரசிகர் குழுக்களில் "டிராஃப்ட் லீக் நடத்துறோம், ஒண்ணு ரெண்டு இடம்தான் பாக்கி, வர்றீங்களா?" என்று அழைப்பு சுற்ற ஆரம்பிக்கும். 2025 சீசனில் அப்படி ஒரு லீக்கில் சேர்ந்து நாங்கள் சிலர் நன்றாக ஏமாற்றப்பட்டோம். நடத்தியவர் பெயரையோ குழுவின் பெயரையோ இங்கே போடப் போவதில்லை. பெயரை மாற்றிக்கொள்ள அவருக்கு ஒரு நிமிஷம் போதும். எப்படிச் செய்தார் என்பது தெரிந்தால், எந்தப் பெயரில் வந்தாலும் அடையாளம் தெரிந்துவிடும்.

இது ஃபேன்டஸி கிரிக்கெட்: நிஜ வீரர்களை வைத்து நாம் ஓர் அணி அமைப்போம், அவர்கள் எடுக்கும் ரன்னுக்கும் விக்கெட்டுக்கும் நமக்குப் பாயின்ட். செயலியில் மட்டும் ஆடிப் பழகியவர்களுக்காக ஒரு வார்த்தை. அங்கே நீங்களும் நானும் ஒரே பும்ராவை எடுக்கலாம். டிராஃப்டில் ஒருவர் எடுத்துவிட்டால் அந்த வீரர் சீசன் முழுக்க அவருக்குத்தான். கடைசிச் சுற்றில் யாரை எடுப்பது என்று உள்ளூர்ப் போட்டி ஸ்கோர்கார்டு வரை தேட வைக்கும் ஆட்டம் அது. ருசியே அதில்தான். ஆனால் திருட்டுக்கு வழி இருப்பதும் அங்கேதான். ரன்னையும் விக்கெட்டையும் யாராலும் மாற்ற முடியாது, எல்லாரும் டிவியில் பார்க்கிறார்கள். தேர்வு வரிசை, டிரேடு (அணிகள் தங்களுக்குள் வீரர்களை மாற்றிக்கொள்வது), அணியைப் பூட்டும் நேரம் மூன்றையும் ஆன்லைன் ஷீட் ஒன்றில் பதிந்து கவனித்துக்கொள்வது லீக்கை நடத்தும் அட்மின் ஒருவர் மட்டும்தான்.

எங்கள் லீக்கில் 10 அணிகள், அணிக்கு 15 பேர். ஸ்னேக் முறை. அதாவது முதல் சுற்று 1 முதல் 10 வரை போகும், அடுத்த சுற்று 10 முதல் 1 வரை திரும்பி வரும். முதல் ஆளுக்கு 1ஆவது, 20ஆவது, 21ஆவது தேர்வுகள். கடைசி ஆளுக்கு 10, 11, 30. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. குலுக்கலை மட்டும் அட்மின் தனியாக நடத்தினார். "குலுக்கியாச்சு, இதோ வரிசை" என்று ஒரு படம் வந்தது, அவ்வளவுதான். அதில் அட்மின் 1. அதுவரை குழுவில் ஒரு வார்த்தை பேசியிராத ஓர் ஐடி 10. அந்த ஐடியும் அவருடையதே என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்: முதல் இரண்டு சுற்றுகளில் 1, 10, 11, 20 நான்கும் ஒரே ஆள் கையில். எல்லாருடைய தேர்வையும் முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் பார்க்கிற இடம்.

அந்தப் பத்தாம் ஐடியை டம்மி என்று எப்படிச் சொல்கிறேன் என்று கேட்கலாம். டிரேடுகளைப் பாருங்கள். ஏப்ரல் 10 அன்று முழங்கை எலும்பு முறிவால் ருதுராஜ் கெய்க்வாட் சீசனிலிருந்தே விலகுகிறார் என்ற செய்தி வந்தது. தோனி மறுபடி கேப்டன் என்று நாடே பேசிக்கொண்டிருந்தது. அது தெரியாத ரசிகர் இருந்திருக்க வாய்ப்பே இல்லை. ஓரிரு நாளில் ஷீட்டில் ஒரு டிரேடு: பத்தாம் அணி சாய் சுதர்சனைக் கொடுத்துவிட்டு அட்மினிடமிருந்து ருதுராஜை வாங்கியிருக்கிறது! விலகிவிட்ட வீரருக்காக, அதிக ரன் எடுப்பவருக்கான ஆரஞ்சு தொப்பிக்கு ஓடிக்கொண்டிருந்தவர். சுதர்சன் அந்த சீசனை 759 ரன்களோடு முடித்து அந்தத் தொப்பியை வாங்கியது எல்லாருக்கும் தெரியும்.

கேட்டோம். "அவர் சிஎஸ்கே வெறியருங்க, மஞ்சள் சட்டைன்னா எதையும் கொடுப்பார்" என்றார் அட்மின். பத்தாம் ஐடிக்கே நேராகச் செய்தி அனுப்பினால் பதில் வராது. ஆனால் அட்மின் ஆன்லைனில் இருக்கும்போது மட்டும் அந்த ஐடி கட்டைவிரல் காட்டும். டிரேடை எதிர்த்து வாக்களிக்க ஒரு விதி இருந்தது. பாதிப் பேர் எதிர்த்தால்தான் ரத்து. பதில் போடாதவர்கள் சம்மதித்ததாகக் கணக்கு. சீசன் நடுவில் எத்தனை பேர் தினமும் குழுவைப் பார்ப்பார்கள்? அந்த விதியை யோசித்து எழுதியிருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது.

இதையெல்லாம் விட மோசமானது ஷீட்டில் நடந்தது. டாஸ் போட்டதும் அணி பூட்டப்படும் என்பது விதி. ஐபிஎல்லில் டாஸ் ஆட்டத்துக்கு அரை மணி நேரம் முன்னால், அதாவது இரவு ஆட்டம் என்றால் 7 மணி. அதற்குள் கேப்டனைக் குறித்துவிட வேண்டும், கேப்டனுக்கு இரட்டைப் பாயின்ட். ஏப்ரல் 28, ஜெய்ப்பூர், குஜராத்துக்கு எதிரான ராஜஸ்தான் ஆட்டம். 14 வயது வைபவ் சூர்யவன்ஷி 35 பந்தில் சதம் அடித்தாரே, அதுதான். ஆட்டம் முடிந்து ஷீட்டைத் திறந்தால் அட்மின் அணியின் கேப்டன் சூர்யவன்ஷி. எங்களில் ஒருவர் எதேச்சையாக 7 மணிக்கு முன்னால் அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தார். அதில் கேப்டன் ஜெய்ஸ்வால். குஜராத் முதலில் ஆடி 209 எடுத்தது, ராஜஸ்தான் இரண்டாவது பேட்டிங். சூர்யவன்ஷி வெளுக்கிறார் என்று தெரிந்த பிறகு ஒரு கட்டத்தில் பெயரை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்? ஜெய்ஸ்வாலும் அன்று 40 பந்தில் 70 அடித்து ஆட்டமிழக்காமல் நின்றார், அதற்கே நல்ல பாயின்ட் வந்திருக்கும். அது போதவில்லை மனிதருக்கு.

ஷீட்டில் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற வரலாறு இருக்கும், உண்மைதான். ஆனால் அது திருத்தும் அனுமதி உள்ளவர்களுக்குத்தான் தெரியும். எங்களுக்குக் கொடுத்தது பார்க்கும் அனுமதி மட்டும். "யாராவது தெரியாமல் கைவச்சுடுவீங்க" என்று ஆரம்பத்தில் காரணம் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டியதும், "நான் மொபைலில் மாற்றினேன், அப்டேட் ஆக லேட் ஆயிருக்கும்" என்றார். வரலாற்றைக் காட்டுங்கள் என்றோம். அன்று இரவே புது ஷீட் ஒன்று வந்தது. பழையதை நீக்கிவிட்டாராம், "ஃபார்முலா கெட்டுப்போச்சு."

மே மாதம் நிலைமை அவருக்கு இன்னும் வசதியானது. எல்லைப் பதற்றத்தால் மே 8 அன்று தரம்சாலா ஆட்டம் பாதியில் நின்றது, மறுநாள் தொடரையே ஒத்திவைத்தார்கள். 17ஆம் தேதி மறுபடி தொடங்கியபோது வெளிநாட்டு வீரர்கள் சிலர் திரும்பவில்லை, ஸ்டார்க் போல. பட்லர் பிளேஆஃபுக்கு இல்லை. அணிகள் தற்காலிக மாற்று வீரர்களை எடுத்துக்கொள்ள கிரிக்கெட் வாரியம் அனுமதித்தது. எங்கள் லீக்கிலும் மாற்று வீரர்கள் தேவைப்பட்டார்கள், அதில் தப்பில்லை. முறை என்ன? பொதுவாக, பட்டியலில் கடைசியில் இருப்பவருக்கு முதல் உரிமை, ஒரு நாள் முன்னறிவிப்பு. எங்கள் அட்மின் நள்ளிரவு தாண்டி "மாற்று வீரர் எடுக்கலாம், முதலில் கேட்பவருக்கே" என்று அறிவித்தார். காலையில் எழுந்து பார்த்தால் பெயர் சொல்லும்படியான எல்லாரும் போயிருந்தார்கள், அவருக்கும் அந்தப் பத்தாம் ஐடிக்கும். மும்பை எடுத்த பேர்ஸ்டோ உட்பட. எலிமினேட்டரில் அவர் 22 பந்தில் 47 அடித்ததை நான் ரசிக்கவே இல்லை, நல்ல இன்னிங்ஸ் பாவம்.

ஜூன் 3 அன்று பெங்களூரு கோப்பையைத் தூக்கியபோது எங்கள் பட்டியலில் முதலிடம் அட்மின், இரண்டாமிடம் பத்தாம் ஐடி. பரிசு இரண்டு இடங்களுக்குத்தான். மூன்றாவது வந்தவருக்கு நுழைவுக் கட்டணத்தைத் திருப்பித் தருவதாக முதலில் சொல்லியிருந்தார். அதைக் கேட்டதும் "குழு பராமரிப்புச் செலவு" என்று ஒன்று முளைத்தது. அழுத்திக் கேட்டவர்களைக் குழுவிலிருந்து நீக்கினார். அதற்கு முன் அழித்த செய்திகளில் விதிகளும் அடக்கம். எங்களில் ஒருவர் முன்னமே அரட்டையை ஏற்றுமதி செய்து வைத்திருந்ததால்தான் இவ்வளவும் தேதியோடு எழுத முடிகிறது. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் புகாரும் போனது. பணம் அனுப்பிய உடனே கூப்பிட்டால் அதை முடக்க வழி உண்டு. இரண்டு மாதம் கழித்துப் போன எங்களுக்குப் புகார் எண் மட்டும் கிடைத்தது.

பணம் பற்றி ஒன்று. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆட்டங்களைத் திறமையா அதிர்ஷ்டமா என்று பிரிக்காமல் தடை செய்கிறது. பெரிய ஃபேன்டஸி செயலிகளே பணப் போட்டிகளை நிறுத்திவிட்டன. அதனால் இப்போது இந்த மாதிரி ஆட்கள் "கட்டணம்" என்ற சொல்லையே எடுப்பதில்லை. "குழு சந்தா", "நன்கொடை" என்கிறார்கள். பெயர் என்னவானாலும் அனுப்பாதீர்கள். பணம் இல்லாமல் ஆடினாலும் டிராஃப்டின் சுவை குறையாது, கேலி கிண்டல் இன்னும் கூடும்.

நாங்கள் பிறகு எங்களுக்குள் ஒரு சின்ன லீக் வைத்துக்கொண்டோம். ஷீட்டைப் பார்ப்பவருக்கு அணி கிடையாது. அவர் ஸ்கோர் போடும் வேலைக்கு மட்டும் ஒப்புக்கொண்ட நல்ல மனிதர். திருத்தும் அனுமதி இன்னும் இருவருக்கு உண்டு, வரலாற்றைப் பார்ப்பதற்காக. குலுக்கல் வீடியோ அழைப்பில், எல்லார் முன்னிலையில். கேப்டன் பெயரை டாஸுக்கு முன் அவரவரே குழுவில் எழுதிவிட வேண்டும், திருத்திய செய்தி செல்லாது. டிரேடு ஒரு நாள் நிலுவையில் நிற்கும், மௌனம் சம்மதம் ஆகாது. கொஞ்சம் கெடுபிடிதான். முதல் வாரம் முணுமுணுத்தவர்களும் பிறகு பழகிவிட்டார்கள்.

அந்தப் பழைய அட்மின் இப்போது வேறு பெயரில், வேறு படத்தோடு ஆள் சேர்க்கிறார். விதிகளின் வாசகம் அப்படியே இருக்கிறது, எழுத்துப் பிழை உட்பட. எங்கள் நண்பர் ஒருவர் புதியவர் போலச் சேர்ந்து, "குலுக்கலை லைவில் நடத்தலாமா? வேணும்னா நானே ஸ்கிரீன் ஷேர் பண்றேன்" என்று கேட்டுப் பார்த்தார். "நம்பிக்கை இல்லாதவங்க வர வேண்டாம்" என்று பதில் வந்தது. பத்து நிமிஷத்தில் நண்பரை நீக்கியும் விட்டார்கள்.