பூங்காச் சீரமைப்பில் பழைய ரோஜாக்கள்: ஏற்காட்டு நாற்றங்கால் ஒன்றின் சேவை

சேலத்தில் எங்கள் குடியிருப்பை ஒட்டிய பொதுப் பூங்காவில் நடைபாதையும் விளையாட்டுத் திடலும் புதிதாக அமைக்கப்பட்டபோது, நெடுங்காலமாக அங்கே நின்ற ரோஜாச் செடிகளைக் காப்பாற்றித் தரும் பொறுப்பைக் குடியிருப்போர் சங்கம் ஏற்காட்டிலுள்ள ஒரு நாற்றங்காலிடம் ஒப்படைத்தது. அவர்களுடைய வேலைத்திறனில் எனக்குக் குறை ஏதும் தெரியவில்லை. பெயர்ச்சீட்டு எழுதுவதில்தான் பெருங்குறை.

அங்கிருந்தவற்றுள் பெரும்பாலானவை மாலைக்குக் கட்டும் எட்வர்டு ரோஜா. நவீன ரோஜாக்களில் முதலாவதாகக் கருதப்படும் 'லா பிரான்ஸ்' என்னும் கலப்பினம் 1867இல் வெளிவருவதற்கு முன்பே வழக்கிலிருந்த வகைகளைப் பழைய தோட்ட ரோஜாக்கள் என்று கணக்கிடுகிறார்கள்; எட்வர்டு அவற்றுள் பூர்போன் என்னும் பிரிவைச் சேர்ந்தது. கடைகளில் இன்று கண்ணைப் பறிக்கும் ரோஜாக்களில் பல அதற்குப் பின் வந்தவை என்பதால், அதே நிறத்தில் ஒன்றை வாங்கி நட்டால் இழப்பு ஈடாகிவிடாது. இதை ஒப்பந்ததாரருக்குப் புரியவைப்பதே பெரும்பாடாக இருந்தது. இயந்திரத்தால் ஒரே நாளில் பெயர்த்து மூலையில் நட்டுவிடலாம் என்பது அவர் யோசனை.

நாற்றங்கால்காரர்கள் அதற்கு உடன்படவில்லை. முதலில் ஒவ்வொரு செடியின் தூரையும் மண்ணை விலக்கிப் பார்த்தார்கள். ஒட்டுக் கட்டிய சில செடிகளில் மேலே இருந்த இரகம் எப்போதோ பட்டுப்போய், கீழிருந்த வேர்ச்செடி மட்டுமே தழைத்திருந்தது. அவற்றைக் காப்பாற்றிப் பயனில்லை என்று, தங்களுக்கு வரவேண்டிய கூலி குறைவதையும் பொருட்படுத்தாமல், வெளிப்படையாகச் சொன்னார்கள். மற்றவற்றிலிருந்து, பூத்து முடிந்த கிளைகளில், பென்சில் பருமனுள்ள, மூன்று நான்கு கணுக்கள் கொண்ட போத்துகளை (நட்டு வேர்பிடிக்க வைக்கும் குச்சிகளை) வெட்டி, வேரூக்கியில் தோய்த்து, மணல் கலந்த பைகளில் ஊன்றி மலைக்குக் கொண்டுபோனார்கள். தாய்ச்செடி பிழைக்காமல் போனாலும் இரகம் அழியாது என்பது இந்த ஏற்பாட்டின் பயன்.

சேலம் நகரம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும் ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டியும் இருப்பதால், மலைக்குளிரில் வேர்பிடித்த கன்றை நேரே நகரத்து வெயிலில் இறக்கினால் இலைகள் கருகிவிடும். எனவே கன்றுகளை அடிவாரத்தில் நிழல்வலையின் கீழ் சில வாரங்கள் வைத்து, நிழலைப் படிப்படியாகக் குறைத்து, பிறகே ஒப்படைத்தார்கள். தாமதம் குறித்து எங்கள் சங்கத்திலேயே முணுமுணுப்பு எழுந்தது. என் கணிப்பில் அந்தத் தாமதத்துக்குத்தான் நாம் பணம் கொடுக்கிறோம்.

தாய்ச்செடிகளை வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பின்னரே தோண்டினார்கள். கிளைகளைப் பாதிக்கு மேல் கவாத்து செய்து, வெட்டுவாயில் பூஞ்சை தாக்காமல் இருக்கப் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது) தடவி, வேரைத் தாய்மண்ணோடு ஈரச்சாக்கில் சுற்றி எடுத்தார்கள். ரோஜா நின்ற பழைய குழியில் மறுபடி ரோஜா வைத்தால் செடி தேறாது என்று புதுக் குழிகள் எடுக்கச் சொன்னதோடு, அங்கே கொட்டியிருந்த கட்டட இடிபாட்டை முழுவதும் அள்ளவைத்துச் செம்மண்ணும் மக்கிய தொழுவுரமும் இட்டார்கள். சுண்ணாம்பு கலந்த மண்ணில் இரும்புச்சத்து கிடைக்காமல் இலை வெளுத்துப்போகும் என்பதால் இது வீண் கெடுபிடி அன்று.

குறைக்கு வருகிறேன். பைகளில் கட்டிய சீட்டுகளைச் சாதாரணப் பேனாவால் எழுதியிருந்தார்கள். மழையில் எழுத்து கரைந்து, எட்வர்டு கன்றுகளும் பெயர் தெரியாத ஓர் இளஞ்சிவப்புச் செடியின் கன்றுகளும் கலந்துவிட்டன. பூத்தால்தான் பிரிக்க முடியும். மரபு இரகத்தைக் காப்பதாகச் சொல்லும் இடத்தில் இது சிறு பிழை ஆகாது. அலுமினியத் தகட்டில் ஆணியால் கீறி எழுதியிருந்தால் போதும், செலவும் சொற்பம்.

கட்டணத்தில் பாதியை முன்பணமாகவும் மீதியைத் துளிர்த்த செடிகளுக்கு மட்டுமாகவும் பெற்றுக்கொள்கிறார்கள். இந்த நிபந்தனை நியாயமானது. இவர்களை அழைக்க நினைப்பவர்கள், சீரமைப்புக்கான ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே பேசிவிடுவது நல்லது, ஏனெனில் போத்து எடுத்து வேர்பிடிக்கும் காலத்தை எந்த ஒப்பந்ததாரரும் கணக்கில் சேர்ப்பதில்லை. எந்தச் செடி எங்கே நின்றது என்ற வரைபடத்தையும் தகட்டுச் சீட்டுகளையும் நீங்களே தயாரித்துக் கொடுத்துவிடுங்கள்.